குறைமாதக் குழந்தையின் குடலில் முதலில் குடியேறுவது யார்?

பெடாஸ் - ஏழாம், எட்டாம் மாதத்திலேயே பிள்ளை பிறந்துவிட்டால் பெடாஸ் சுற்றுவட்டாரக் குடும்பங்கள் பெரும்பாலும் சிரம்பானுக்குத்தான் ஓட வேண்டியிருக்கும். பெரிய மருத்துவமனை எதுவானாலும் பச்சிளம் குழந்தைகள் தீவிரச் சிகிச்சைப் பிரிவின் வாசலில் நடப்பது ஒன்றுதான். மோதிரத்தையும் கடிகாரத்தையும் கழற்றி, முழங்கை வரை கை கழுவச் சொல்வார்கள். "என் பேரப்பிள்ளையைப் பார்க்க இத்தனை சட்டமா?" என்று பாட்டிகளுக்குக் கோபம் வருவது இயல்பு. ஆனால் காரணம் தெரிந்தால் அந்தக் கோபம் நிற்காது.

மாதம் நிறைந்து பிறக்கும் குழந்தையின் குடலில் முதலில் குடியேறுபவை தாயிடமிருந்து வரும் கிருமிகள். பிரசவப் பாதை, தாயின் தோல், தாய்ப்பால் வழியாக அவை வந்து சேரும். இவை நல்ல கிருமிகள். இடத்தைப் பிடித்துக்கொண்டு கெட்டவை பெருக விடாது. 37 வாரத்துக்கு முன் பிறக்கும் குழந்தைக்கு, அதிலும் மிகச் சீக்கிரம் பிறந்ததற்கு, இந்த வாய்ப்பு குறைவு. பல நேரங்களில் அறுவைச் சிகிச்சை. பிறந்ததும் தாயைப் பிரிந்து இன்குபேட்டர். மூக்கில் குழாய், நரம்பில் ஊசி, உடலில் ஆன்டிபயாட்டிக். காலியான அந்த வயிற்றில் வார்டில் உலவும் கிளெப்சியெல்லா போன்ற கிருமிகள் இடம் பிடித்துவிடுகின்றன. குடல் சுவரும் இன்னும் முற்றவில்லை. அதைத் தாண்டிக் கிருமி இரத்தத்தில் கலந்தால் செப்சிஸ். உயிருக்கே ஆபத்து.

அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் நடந்து 2014இல் வெளியான ஓர் ஆய்வில், இரத்தத் தொற்று கண்ட 11 குழந்தைகளில் 7 பேரின் மலத்தில் அதே கிருமி முன்னதாகவே இருந்தது தெரியவந்தது. அதாவது எதிரி ஊசி, குழாய் வழியாக மட்டும் வருவதில்லை; வயிற்றிலேயே தங்கியிருந்தும் புறப்படுகிறான்.

அப்படியானால் நல்ல கிருமியை நாமே கொடுத்தால் என்ன? இந்தியாவின் ஒடிசா கிராமங்களில் டாக்டர் பினாகி பாணிகிரகி குழுவினர் 4,500க்கும் மேற்பட்ட பிறந்த குழந்தைகளிடம் இதைச் சோதித்தார்கள். லாக்டோபேசிலஸ் வகைக் கிருமியை ஒரு வாரம் கொடுத்ததில், செப்சிஸ் அல்லது மரணம் 9 விழுக்காட்டிலிருந்து 5.4 விழுக்காடாகக் குறைந்தது. 2017இல் முடிவு வெளியானபோது உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் அவை 2 கிலோவுக்குக் குறையாத, 35 வாரம் கடந்த, தாய்ப்பால் குடித்த குழந்தைகள். ஒரு கிலோ குழந்தைக்கும் அப்படியே பொருந்தும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. 2023இல் அமெரிக்காவில், மருத்துவமனையில் புரோபயோட்டிக் கொடுக்கப்பட்ட ஒரு குறைமாதக் குழந்தை அதே கிருமி இரத்தத்தில் பரவி இறந்தது. அந்நாட்டு உணவு, மருந்து நிர்வாகம் மருத்துவர்களை எச்சரித்தது. ஆகவே பார்மசியிலோ ஆன்லைனிலோ பொட்டலம் வாங்கி நாமாகக் கொடுக்கும் எண்ணமே வேண்டாம். சேனைத் தண்ணீர், தேன், வசம்பு என்று வீட்டுப் பெரியவர்கள் நாக்கில் தடவுவதும் இந்தக் குழந்தைகளுக்குக் கூடாது.

குடும்பத்தின் கையில் இருப்பவை இரண்டு. ஒன்று தாய்ப்பால். குழந்தையால் உறிஞ்ச முடியாவிட்டாலும் பீய்ச்சிய பாலைக் குழாய் வழியாகக் கொடுப்பார்கள். முதலில் வரும் மஞ்சள் சீம்பால் சில சொட்டுதான் என்றாலும் வீணாக்காதீர்கள். தாய் வீடு திரும்பிய பிறகும் சுத்தமான புட்டியில் பீய்ச்சி, தேதியும் நேரமும் எழுதி, ஐஸ் பெட்டியில் கொண்டு செல்லலாம். எவ்வளவு நேரம் வைக்கலாம் என்பதை வார்டு தாதியிடம் கேட்டுக்கொள்ளுங்கள். குறைமாதக் குழந்தைக்கு விதி கண்டிப்பானது.

மற்றொன்று தாயின் நெஞ்சு. குழந்தையை வெற்று மார்போடு அணைத்து வைக்கும் 'கங்காரு' பராமரிப்பு 1978இல் கொலம்பியாவின் போகோட்டா நகரில் தொடங்கியது. இந்தியாவிலும் ஆப்பிரிக்க நாடுகள் நான்கிலும் உலகச் சுகாதார நிறுவனம் நடத்திய ஆய்வில், பிறந்தவுடனேயே இதைத் தொடங்கியபோது இறப்பு கால்பங்கு குறைந்தது. சூடு மட்டுமல்ல, தாயின் தோலில் உள்ள கிருமிகளும் பிள்ளைக்குப் போய்ச் சேருகின்றன. இருமல், சளி இல்லாத அப்பாவும் இதைச் செய்யலாம். 2023 ஜனவரி முதல் தனியார் துறையில் பேறுகால விடுப்பு 98 நாளாகவும், மணமான தந்தைக்கான விடுப்பு, சில நிபந்தனைகளோடு, 7 நாளாகவும் இருக்கிறது. தோட்ட ஆபீசில் கேட்கத் தயங்காதீர்கள்.

பாட்டியும் வரட்டும், பிள்ளை வார்டை விட்டு வெளியே வந்த பிறகு. அதுவரை அவர் வீட்டில் பால் புட்டிகளைக் கொதிநீரில் போட்டு வைத்தால் அதுவே பெரிய உதவி.