எகிறி நின்ற ஜிம்மி

போனக்காட்டுத் தேயிலைச் சரிவிலிருந்து விதுரா வழியாகத் திருவனந்தபுரம் போகிறவர்கள் வெள்ளையம்பலத்தில் ஓர் உள்ளரங்கைப் பார்த்திருப்பீர்கள். அதன் பெயர் ஜிம்மி ஜார்ஜ். யார் அவர்?

  நம் பக்கத்தில் வாலிபாலை நம்பி யார் கப்பல் ஏறுவார்? ஏறினார், கண்ணூர் பேராவூர்க்காரரான ஜிம்மி. 1955இல் பிறந்தவர். அண்ணன் தம்பி எட்டுப் பேரும் வாலிபால் ஆடிய வீடு அது! மருத்துவப் படிப்பை விட்டுவிட்டுக் கேரள போலீஸ் அணிக்குப் போனார். இருபத்தோரு வயதில் அர்ஜுனா விருது. அப்புறம் அபுதாபி, 1982இல் இத்தாலி கிளப்.

அவர் ஆட்டமே தனி. வலைக்கு மேலே எகிறுவார். தடுக்க வந்தவர்கள் குதித்துக் கீழே இறங்கிவிடுவார்கள், இவர் மட்டும் இன்னும் மேலேயே நிற்பதுபோல் இருக்கும். அடி அப்போதுதான் விழும்.

1986 சியோல் ஆசியப் போட்டியில் இந்தியாவுக்கு வெண்கலம். மறு வருடம் நவம்பர் 30, இத்தாலியில் கார் விபத்து. வயது 32.

தம்பி ராபர்ட் பாபி ஜார்ஜின் மனைவிதான் நீளம் தாண்டுதல் வீராங்கனையாக இருந்த அஞ்சு.