ஏற மறுக்கும் கியர்

நுழையும்முன்

கருவி ஒன்று பழுதுபடும்போது குறை தெரியும் இடமும் குறை பிறந்த இடமும் பெரும்பாலும் வேறுவேறாக இருக்கின்றன. விரைவுக் கார்களில் ஸ்டீயரிங்கின் பின்புறம் அமைந்துள்ள கியர் மாற்றும் விசை வேலை செய்யாதபோது, அதன் காரணத்தை எவ்வாறு தேடிச் செல்வது என்பதை விளக்குகிறது இக்கட்டுரை.

நின்ற நிலையிலிருந்து புறப்படும் வண்டிக்கு மிகுந்த இழுவிசை தேவைப்படுகிறது. வேகம் கூடியபின் அத்தேவை குறைகிறது. ஆனால், சக்கரங்கள் விரைந்து சுழல வேண்டியுள்ளது. எஞ்சினோ ஒரு குறிப்பிட்ட சுழற்சி எல்லைக்குள் மட்டுமே நன்கு உழைக்கும் இயல்புடையது. இவ்விரண்டையும் ஒன்றோடொன்று பொருத்தித் தருவதே கியர்ப்பெட்டியின் பணி. கார் வேகம் பெறப் பெற முதல் கியரிலிருந்து இரண்டு, மூன்று, நான்கு எனச் செல்வதைக் கியர் ஏற்றம் என்றும், வேகம் குறையும்போது கீழே வருவதைக் கியர் இறக்கம் என்றும் இங்குக் குறிப்பிடுவோம்.

பேருந்து ஓட்டுநர் ஒருவர் கியர் மாற்றுவதைக் கூர்ந்து நோக்கியிருப்பீர்கள். இடக்காலால் கிளட்சை மிதிக்கிறார். வலக்காலை ஆக்சிலரேட்டரிலிருந்து எடுக்கிறார். இடக்கையால் கம்பியை நகர்த்துகிறார். பின்னர்க் கிளட்சை மெல்ல விடுகிறார். இந்நான்கு செயல்களையும் விரலின் ஓர் அசைவில் அடக்கியதே பேடில் எனப்படும் துடுப்புவிசை. ஸ்டீயரிங் வளையத்தின் பின்னால், துடுப்பின் வடிவில், வலத்தே ஒன்றும் இடத்தே ஒன்றுமாக இரு தகடுகள் இருக்கும். வலத்தகட்டை இழுத்தால் கியர் ஏறும். இடத்தகட்டை இழுத்தால் இறங்கும். ஓட்டுநர் கேட்பது அவ்வளவே. கிளட்சைப் பிரிப்பது, எஞ்சினின் வேகத்தைத் தணிப்பது, பற்சக்கரத்தை மாற்றிக் கோப்பது ஆகிய அனைத்தையும் கணினியும் எண்ணெய் அழுத்தமும் செய்து முடிக்கின்றன.

1989: ஒரு பெல்ட் செய்த வேலை

இவ்வமைப்பை ஃபார்முலா 1 பந்தயக் களத்திற்குக் கொண்டுவந்தவர் ஆங்கிலேயப் பொறியாளர் ஜான் பார்னார்டு. ஃபெராரி அணிக்காக அவர் வடிவமைத்த 640 என்னும் கார், 1989 மார்ச் 26 அன்று பிரேசில் நாட்டின் ரியோ டி ஜெனிரோ நகரில் முதன்முதலாகப் பந்தயத்தில் ஓடியது. கியர்க் கம்பியும் அதன் இணைப்புத் தண்டுகளும் நீங்கினால் ஓட்டுநர் அமரும் பகுதியைக் குறுக்கலாம், ஓட்டுநரின் இரு கைகளும் எப்போதும் ஸ்டீயரிங்கிலேயே இருக்கும் என்பன பார்னார்டின் கணக்குகள். கணக்கு சரியாகவே இருந்தது. ஆனால், சோதனை ஓட்டங்களில் அந்தக் கார் முழுத் தொலைவை ஓடி முடிப்பதே அரிதாக இருந்தது. பந்தயத்தன்று தம் கார் பாதிவழியில் நின்றுவிடும் என்று எண்ணி, முன்கூட்டியே புறப்படும் விமானத்தில் இடம்பிடித்து வைத்திருந்ததாக ஓட்டுநர் நைஜல் மான்செல் பின்னாளில் கூறியிருக்கிறார். அன்று அவரே வென்றார்.

எனினும், அவ்வெற்றியால் குறை தீர்ந்துவிடவில்லை. அடுத்து வந்த இமோலா, மொனாக்கோ, மெக்சிகோ ஆகிய மூன்று பந்தயங்களிலும் மான்செலின் கார் பாதியில் நின்றது. மூன்றிற்கும் பதிவேட்டில் எழுதப்பட்ட காரணம் கியர்ப்பெட்டி. புதிய அமைப்பின்மீது ஐயம் எழுவது இயற்கைதானே! பழைய கம்பிக்கே திரும்பிவிடலாம் என்ற குரல் எழுவதற்கும் இத்தகைய தோல்விகள் போதுமானவை.

கியர் மாறாமல் போனதற்குப் பின்னால் இருந்த பெருங்காரணங்களுள் ஒன்றைத் தேடிச் சென்றபோது, அது கியர்ப்பெட்டிக்கு வெளியே, எஞ்சினின் முன்பகுதியில் அகப்பட்டது. பன்னிரண்டு சிலிண்டர்கள் கொண்ட அந்த எஞ்சினின் கிராங்க் தண்டு உயர்வேகத்தில் அதிர்ந்தது. அந்த அதிர்வில், மின்னாக்கியைச் சுழற்றும் பெல்ட் கழன்று விழுந்தது. மின்னாக்கி நின்றதும் பேட்டரியில் இருந்த மின்னாற்றல் சிறிதுசிறிதாகக் கரைந்தது. மின்னழுத்தம் குறைந்ததும் கியரை ஆளும் கணினியும் வால்வுகளும் முதலில் தடுமாறின. ஓட்டுநருக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான்: தகட்டை இழுத்தால் கியர் மாறவில்லை. அதே ஆண்டு அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரில் நடந்த பந்தயத்தில் ஃபெராரியின் இரு கார்களும் நின்றன. அப்போது பதிவேட்டில் எழுதப்பட்ட காரணம் மின்னாக்கி.

அவ்வாண்டில் பந்தயத்தை முடித்த போதெல்லாம் அந்தக் கார் முதல் மூன்று இடங்களுக்குள் வந்தது. 1990களின் நடுப்பகுதிக்குள் களத்தில் இருந்த ஏனைய அணிகளும் துடுப்புவிசைக்கு மாறிவிட்டன.

*தெரிந்து தெளிவோம்*
*சாலையில் ஓடும் ஃபெராரி கார்களில் துடுப்புவிசை முதலில் இடம்பெற்றது 1997இல் வந்த எஃப்355 எஃப்1 என்னும் காரில்தான். ஒரு கியர் மாற்றத்திற்கு அது எடுத்துக்கொண்ட நேரம் ஏறத்தாழ 150 மில்லி நொடி. அவ்வகைக் கார்களில் இரு தகடுகளையும் ஒருசேர இழுத்தால் கார் எந்தக் கியரிலும் இல்லாத நடுநிலைக்கு வந்துவிடும்.*

விரலிலிருந்து பற்சக்கரம் வரை

வலத்தகட்டை இழுத்ததும் அதனடியில் உள்ள சிறு மின்விசை மூடிக்கொள்கிறது. அக்குறிப்பு கம்பி வழியே கணினியைச் சேர்கிறது. கணினி உடனே கீழ்ப்படிவதில்லை. எஞ்சின் எத்தனை சுற்றுச் சுற்றுகிறது, கார் என்ன வேகத்தில் செல்கிறது, எண்ணெயின் அழுத்தம் போதுமா எனப் பார்க்கிறது. எல்லாம் சரியெனில் எஞ்சினுக்குச் செல்லும் எரிபொருளையோ தீப்பொறியையோ ஒரு கணம் தடுத்து, மின்காந்த வால்வுகளைத் திறக்கிறது. அழுத்தமேறிய எண்ணெய் பாய்ந்து கிளட்சைப் பிரிக்கிறது. பழைய கியரை விடுவிக்கிறது. புதிய கியரைக் கோக்கிறது. ஒவ்வொரு படியும் முடிந்தது என்பதை உணரிகள் திருப்பிச் சொன்ன பின்னரே அடுத்த படி நிகழும்.

இச்சங்கிலியில் எந்தக் கண்ணி அறுந்தாலும் ஓட்டுநருக்குத் தெரியும் அறிகுறி ஒன்றே. அதனால் விளையும் இடர் சிறிதன்று. இருவழிச் சாலையில் முன்செல்லும் வண்டியைக் கடப்பதற்காக எதிர்த்தடத்திற்குள் நுழைந்துவிட்ட நிலையில், மேல் கியர் விழாமல் எஞ்சின் தன் சுழற்சி எல்லையை முட்டி நின்றால், கடக்கவும் வேகம் போதாது, பின்வாங்கவும் இடமிராது. எனவே, "சில நேரம் மட்டும்தான் அப்படி" என்று இக்குறையைத் தள்ளிப்போடுவது ஏற்கத்தக்கதன்று.

முதலில் கேட்க வேண்டிய வினாக்கள்

ஸ்பானரை எடுப்பதற்கு முன் ஓட்டுநரிடம் சிலவற்றைக் கேட்டறிய வேண்டும். வேகம் மிகக் குறைவாக இருக்கும்போது மேல் கியரைக் கேட்டால் கணினி மறுத்துவிடும். எஞ்சின் திணறி நின்றுவிடாமலிருக்கச் செய்யப்பட்ட ஏற்பாடு அது. இதைப் பழுதென்று எண்ணிப் பணிமனைக்கு வருவோரும் உண்டு. எவ்வளவு சுழற்சியில் இழுத்தபோது கியர் ஏறவில்லை என்பது முதல் வினா.

கியர் இறக்கம் சரியாக நடக்கிறதா என்பது இரண்டாவது வினா. எல்லா வினாக்களிலும் மிகுதியாகப் பயன் தருவது இதுவே என்று சொல்லலாம். ஏற்றத்திற்கும் இறக்கத்திற்கும் கணினி ஒன்றே. பம்பும் எண்ணெயும் கிளட்சும் ஒன்றே. இறக்கம் பழுதின்றி நடந்து, ஏற்றம் மட்டும் எப்போதும் நடக்கவில்லையெனில், இரண்டிற்கும் பொதுவான உறுப்புகளை இப்போதைக்கு விட்டுவிடலாம். எஞ்சியிருப்பவை வலத்தகடும் அதன் மின்விசையும் அதன் கம்பியுமே. இருக்கைகளுக்கு நடுவே கூட்டல், கழித்தல் குறியிட்ட கம்பியும் உள்ள கார்களில் இதை உடனே உறுதிசெய்து கொள்ளலாம். அக்கம்பியைத் தள்ளும்போது கியர் ஏறினால், கியர்ப்பெட்டியில் குறையில்லை.

தகடுகள் ஸ்டீயரிங் வளையத்தோடு சேர்ந்து சுழலும் கார்களில், அவற்றின் மின்தொடர்பு சுருள்வில்போலச் சுற்றப்பட்ட ஒரு தட்டைக் கம்பி வழியே செல்கிறது. பல்லாயிரம் முறை சுற்றி விரிந்தபின் அக்கம்பி முறிவதுண்டு. அதே சுருளின் வழியாகத்தான் ஹாரனும் காற்றுப்பையும் மின்தொடர்பு பெறுகின்றன. ஆதலால், கியர் ஏறாத காரில் ஹாரனும் ஒலிக்கவில்லை, காற்றுப்பை எச்சரிக்கை விளக்கும் எரிகிறது என்றால் சுருளை ஐயுறலாம். ஆனால், ஸ்டீயரிங்கின் நடுவே மடித்து வைக்கப்பட்டுள்ள காற்றுப்பை வெடித்து விரியும் ஆற்றலுடையது. பயிற்சி பெற்றவரைத் தவிர வேறெவரும் அப்பகுதியைக் கழற்றுதல் கூடாது.

மூன்றாவது வினா, எந்தக் கியரிலிருந்து எந்தக் கியருக்கு ஏறவில்லை என்பது. ஆறு கியர் கொண்ட வழக்கமான பெட்டியில் ஒன்றும் இரண்டும் ஒரு தடத்திலும், மூன்றும் நான்கும் அடுத்த தடத்திலும், ஐந்தும் ஆறும் அதற்கடுத்த தடத்திலும் இருக்கும். ஒன்றிலிருந்து இரண்டுக்குச் செல்ல நேராக நகர்ந்தால் போதும். இரண்டிலிருந்து மூன்றுக்குச் செல்ல, பக்கவாட்டில் நகர்ந்து தடம் மாற வேண்டும். இப்போது ஒரு காரைக் கற்பனை செய்துகொள்ளுங்கள்: ஒன்றிலிருந்து இரண்டு ஏறுகிறது; இரண்டிலிருந்து மூன்று ஏற மறுக்கிறது; நான்கிலிருந்து ஐந்தும் மறுக்கிறது. தகட்டிலும் மின்விசையிலும் குறையென்று இனிச் சொல்ல இயலாது. குறை, தடம் மாற்றும் உந்துதண்டிலோ அதன் நிலையை அறிவிக்கும் உணரியிலோ இருக்க வேண்டும். பெட்டியைத் திறக்காமலேயே, எண்களை மட்டும் கொண்டு இம்முடிவுக்கு வந்துவிடுகிறோம்.

இரட்டைக் கிளட்ச் கொண்ட கார்களுக்கு இக்கணக்கு மாறும். 2003இல் ஃபோக்ஸ்வாகன் நிறுவனத்தின் கோல்ஃப் ஆர்32 காரில் அறிமுகமான இவ்வமைப்பில், ஒற்றைப்படைக் கியர்கள் ஒரு கிளட்சையும் இரட்டைப்படைக் கியர்கள் மற்றொரு கிளட்சையும் சார்ந்துள்ளன. ஒற்றைப்படைக் கியர்கள் மட்டுமே கிடைத்தால், மற்றப் பாதி செயலிழந்துள்ளது என்று பொருள்.

மின்சாரமும் எண்ணெயும்

ஏற்றம், இறக்கம் இரண்டுமே தடுமாறினால் பொதுவான உறுப்புகளுக்குச் செல்ல வேண்டும். அவற்றுள் முதலில் பார்க்க வேண்டியது பேட்டரி. ஓய்வில் ஏறத்தாழ 12.6 வோல்ட்டும் எஞ்சின் ஓடும்போது ஏறத்தாழ 14 வோல்ட்டும் இருக்க வேண்டும். காரின் உடற்பகுதியோடு இணையும் தரைக்கம்பியில் துரு ஏறியிருந்தாலும் இதே தொல்லை நேரும். சில நிமிடங்களில் முடியும் இச்சோதனையைச் செய்யாமல், விலையுயர்ந்த கணினியை மாற்றிப் பார்ப்பது முறையன்று.

அடுத்தது எண்ணெய் அழுத்தம். எஃப்355 போன்ற கார்களில் ஒரு மின்பம்பு எண்ணெயை ஏறத்தாழ 40 முதல் 50 பார் அழுத்தத்திற்கு உயர்த்துகிறது. வளிமண்டல அழுத்தத்தைப்போல் ஏறக்குறைய அத்தனை மடங்கு. அவ்வழுத்தத்தைச் சேமித்து வைப்பது ஒரு சிறு கலன். அதன் உள்ளே ஒரு சவ்வு. சவ்வின் ஒருபுறம் நைட்ரஜன் வாயு, மறுபுறம் எண்ணெய். அழுந்திய வாயு வில்லைப்போல் எண்ணெயைத் தள்ளுவதால், பம்பு ஓடாமலேயே சிலமுறை கியர் மாற்ற முடிகிறது.

இங்குக் காதே நல்ல கருவி. ஓட்டுநர் கதவைத் திறந்ததும் பம்பு சில நொடிகள் ஓடி நிற்பது அக்கார்களின் வழக்கம். ஒவ்வொரு கியர் மாற்றத்திற்கும் பம்பு மீண்டும் மீண்டும் ஓடினால், கலனில் இருந்த நைட்ரஜன் கசிந்துவிட்டது என்று கருதலாம். ஓய்வின்றி உழைக்கும் பம்பு விரைவில் சூடாகிக் கருகும். அதற்கு மின்சாரம் தரும் ரிலேவும் உடன் கெடும். அந்நிலையில் பம்பை மட்டும் புதிதாக மாட்டினால், பழைய கலன் புதிய பம்பையும் கருக்கிவிடும். பம்பின் ஒலியே கேட்கவில்லையெனில், முதலில் ரிலேவையும் ஃபியூசையும் பார்க்க வேண்டும். எண்ணெய்த் தொட்டியின் மட்டம் குறைந்திருந்தால் மேலும் ஊற்றி நிரப்புவதோடு நின்றுவிடாமல், அது எங்கே ஒழுகுகிறது எனத் தேட வேண்டும்.

இவை அனைத்தும் சரியாக இருந்தால்தான் கிளட்சையும் பற்சக்கரங்களையும் ஐயுற வேண்டும். தேய்ந்த கிளட்ச் முழுதாகப் பிரிவதில்லை; பிரியாத கிளட்சோடு கியரைக் கோக்க முயலும்போது அரைபடும் ஒலி எழும். கியர் ஏறும்போது, விரைந்து சுழலும் தண்டின் வேகத்தைத் தணித்துப் புதிய பற்சக்கரத்தோடு இணங்கச் செய்யும் பித்தளை வளையம் தேய்ந்திருந்தாலும் அவ்வொலி கேட்கும். இரண்டில் எது? எல்லாக் கியரிலும் அரைபட்டால் பெரும்பாலும் கிளட்ச். ஒரே கியரில் மட்டும் என்றால் அக்கியரின் வளையம்.

உறுப்பை மாற்றியபின் கணினியில் பதிந்துள்ள பழைய பிழைக்குறிகளை அழித்து, கிளட்ச் இணையும் புள்ளியைக் கணினிக்கு மீண்டும் பழக்க வேண்டும். பின்னர் எஞ்சின் குளிர்ந்திருக்கும் காலையில் ஒருமுறையும், அரைமணி நேரம் ஓடிச் சூடேறியபின் ஒருமுறையும், முதல் கியரிலிருந்து கடைசிக் கியர்வரை ஒவ்வொன்றாக ஏற்றிப் பார்க்க வேண்டும். சூட்டில் மட்டும் தலைகாட்டும் மின்தொடர்புக் குறைகள் பணிமனை வாசலில் நிற்கும் குளிர்ந்த காரில் அகப்படுவதில்லை.