கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயும் இரத்தப் பரிசோதனையும்

"இரத்தம் பார்த்தாயிற்று, குறை ஒன்றும் இல்லை" என்னும் சொல் நமது கிராமங்களில் பெரிதும் நம்பப்படுவதாகும். மாதவிடாய் நின்ற பின்னரும் உதிரப்போக்குக் காணும் ஒரு தாய், அல்லது துர்நாற்றமுள்ள வெள்ளைப்படுதலால் துன்புறும் ஒரு பெண், இரத்தச் சீட்டில் கெடுதல் எதுவும் எழுதப்படாததைக் கண்டு நிம்மதியோடு வயல் வேலைக்குத் திரும்பிவிடுகிறாள். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயைப் பொறுத்தமட்டில் இந்த நிம்மதி ஆபத்தானது. 2022-ஆம் ஆண்டுக்கான சர்வதேச மதிப்பீட்டின்படி இந்தியாவில் ஏறத்தாழ 1,27,000 பெண்களுக்கு இந்நோய் புதிதாகக் கண்டது. சுமார் 80,000 பெண்கள் மாண்டனர். இரத்தம் இந்நோயைப் பற்றி எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பதைப் பஞ்சாயத்து அங்கத்தினர்களும் குடும்பத் தலைவர்களும் அறிந்திருப்பது நலம்.

இந்நோய்க்குக் காரணம் ஹியூமன் பாப்பிலோமா வைரஸ் என்னும் நுண்கிருமி. சுருக்கமாக எச்.பி.வி. என்பர். ஜெர்மானிய விஞ்ஞானி ஹரால்ட் சூர் ஹௌசன் 1983, 1984-ஆம் ஆண்டுகளில் இதன் 16, 18 என்னும் இரு வகைகளைப் புற்றுக் கட்டிகளிலேயே கண்டறிந்தார்; 2008-இல் நோபல் பரிசும் பெற்றார். உடலுறவின் வழியே பரவும் இக்கிருமி பெரும்பாலான பெண்களை வாழ்நாளில் ஒரு முறையேனும் தொட்டுச் செல்வதே. ஆதலால் ஒழுக்கக் குறைவு என்று எவர்மீதும் பழி சொல்ல இதில் இடமில்லை.

பிற கிருமிகள் பலவற்றைப் போல் இது இரத்தத்தில் கலந்து உடலெங்கும் சுற்றுவதில்லை. கர்ப்பப்பை வாயின் மேல்தோலுக்குள்ளேயே குடியிருக்கிறது. காய்ச்சல் இல்லை, வலி இல்லை. பயிரோடு பயிராக நின்று, கதிர் விடும் தறுவாயில்தான் இன்னதென்று தெரியும் களையைப் போல, உடலின் காவலர்களாகிய வெள்ளை அணுக்களின் கண்ணில் படாமல் நெடுநாள் இருந்துவிடக்கூடியது. எனினும் பெரும்பாலோரின் உடல் இரண்டாண்டுகளுக்குள் இதனை நீக்கிவிடும். நீங்காமல் தங்கிவிட்டால், எதிர்ப்பு வன்மை சரியாக உள்ளவர்களுக்கு அது புற்றாக மாறப் பொதுவாக 15 முதல் 20 ஆண்டுகள் செல்லும். அவ்வன்மை குன்றியவர்களுக்கோ 5 முதல் 10 ஆண்டுகளே போதும்.

புற்றாக மாறிய பின்னர் நிலைமை வேறு. கட்டி ஒளிந்திருப்பதோடு நிற்பதில்லை; காவலையே தளர்த்த முற்படுகிறது. வெள்ளை அணுக்கள் அளவு மீறிச் சொந்த உறுப்புகளையே தாக்காதவாறு தடுப்பதற்கென 'ஒழுங்குபடுத்தும் டி அணுக்கள்' என்னும் ஒரு பிரிவு நமது உடலில் உண்டு. ஜப்பானிய விஞ்ஞானி ஷிமோன் சகாகுச்சி 1995-இல் இவற்றை இனங்காட்டினார். 2025-ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு அவருக்கும் அமெரிக்க விஞ்ஞானிகள் இருவருக்கும் இத்துறைப் பணிக்காகவே வழங்கப்பட்டது. இந்நோய் கண்ட பெண்களின் இரத்தத்தில் இவ்வணுக்கள் மிகுந்திருப்பதை ஆராய்ச்சிகள் காட்டியுள்ளன. அன்றியும், சில கட்டிகளிலிருந்து வெளிப்படும் பொருள்கள் எலும்பு மஜ்ஜையைத் தூண்டி, முதிராத வெள்ளை அணுக்களை இரத்தத்தில் இறக்கிவிடுகின்றன. இவை நோயை எதிர்ப்பதற்குப் பதிலாக, எதிர்க்கும் அணுக்களின் கையைக் கட்டிவிடுகின்றன.

இவற்றை எண்ணுவதற்குப் பெரிய ஆய்வுக்கூடங்களில் உள்ள விசேஷக் கருவிகள் வேண்டும். ஆனால் இப்போராட்டத்தின் அடையாளம் சாதாரண இரத்தச் சீட்டிலும் ஓரளவு தெரியும். அச்சீட்டில் 'நியூட்ரோபில்', 'லிம்போசைட்' என இரு வரிகள் இருக்கும். முன்னது அழற்சியின்போது பெருகுவது. பின்னதில்தான் வைரஸ் புகுந்த அணுக்களையும் புற்றணுக்களையும் கொல்லும் அணுக்கள் அடங்கியுள்ளன. முன்னதைப் பின்னதால் வகுக்க வேண்டும். நூற்றுக்கு 60-ம் 30-ம் இருந்தால் விடை 2, இது இயல்பு. 80-ம் 10-ம் இருந்தால் விடை 8. சிகிச்சைக்கு முன் இவ்விகிதம் உயர்ந்திருந்த பெண்கள், தாழ்ந்திருந்தவர்களைக் காட்டிலும் பொதுவாகக் குறைந்த காலமே பிழைத்தனர் என்பது பல ஆராய்ச்சிகளைத் தொகுத்துப் பார்த்ததில் புலனாகியுள்ளது.

தனிச் செலவு ஏதுமின்றிக் கிடைக்கும் கணக்குத்தான். ஆயினும் பல்லில் சீழ் கட்டினாலும், காலில் முள் குத்திப் புண்ணானாலும், ஸ்டீராய்டு மாத்திரை உட்கொண்டாலும் இவ்விகிதம் ஏறும். கதிர்வீச்சுச் சிகிச்சை லிம்போசைட்டுகளைக் குறைப்பதால் அப்போதும் ஏறும். எந்த எண்ணுக்கு மேல் ஆபத்து என்பதில் ஆராய்ச்சியாளர்கள் ஒருமைப்படவும் இல்லை. ஆகவே வீட்டில் கணக்குப் போட்டு அஞ்சவும் வேண்டாம், மகிழவும் வேண்டாம். நோய் உறுதியான பின்னர் அதன் கடுமையை மதிப்பிட டாக்டருக்கு ஒரு துணை, அவ்வளவே. புற்றுக்கு முந்திய நிலையில், அதாவது எளிதில் குணப்படுத்தக்கூடிய காலத்தில், இரத்த எண்ணிக்கை பெரும்பாலும் இயல்பாகவே இருக்கும்.

அக்காலத்தில் கண்டுபிடிக்கக் கர்ப்பப்பை வாயையே பரிசோதிக்க வேண்டும். வினிகரின் புளிப்பாகிய அசிட்டிக் அமிலத்தை நீர்த்துத் தடவி ஒரு நிமிடம் பொறுத்தால், கெட்ட இடம் வெளுத்துத் தோன்றும். பயிற்சி பெற்ற நர்சே இதனைச் செய்யலாம். திண்டுக்கல் மாவட்டத்தில் 2000-ஆம் ஆண்டு தொடங்கி இம்முறை சோதிக்கப்பட்டது. 30 முதல் 59 வயது வரையுள்ள 49,311 பெண்கள் அழைக்கப்பட்டனர். 31,343 பேர் வந்தனர். வராதவர்களையும் சேர்த்துக் கணக்கிட்டபோதிலும், அழைக்கப்படாத தொகுதிகளைவிட இங்கு நோய் நூற்றுக்கு 25-ம், இறப்பு நூற்றுக்கு 35-ம் குறைந்திருந்ததாக 2007-இல் முடிவு வெளியாயிற்று. மூன்றில் ஒருவருக்கு மேல் வரவில்லை என்பது பஞ்சாயத்தார் சிந்திக்க வேண்டிய செய்தி. கூச்சமும், ஒரு நாள் கூலி போகுமே என்னும் கவலையும் எளியவை அல்ல. மகாராஷ்டிரத்தின் உஸ்மானாபாத் மாவட்டக் கிராமங்களில், ஒரே ஒரு முறை எச்.பி.வி. சோதனை செய்ததால் இந்நோயினால் நேரும் இறப்பு ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. இந்த முடிவு 2009-இல் வெளிவந்தது. இச்சோதனைக்கும் இரத்தம் எடுப்பதில்லை; கர்ப்பப்பை வாயின் சுரப்பைச் சிறு தூரிகையால் எடுப்பார்கள்.

மத்திய அரசு 2016-இல் வகுத்த ஏற்பாட்டின்படி 30 முதல் 65 வயது வரையுள்ள பெண்களுக்கு ஐந்தாண்டுக்கு ஒரு முறை அமிலப் பரிசோதனை செய்யப்பட வேண்டும். எச்.ஐ.வி. உள்ள பெண்களுக்கு இந்நோய் வரும் அபாயம் மற்றவர்களைவிட ஆறு மடங்கு. அவர்களுடைய எதிர்ப்பு வன்மையைச் சி.டி.-4 என்னும் அணுக்களின் எண்ணிக்கை இரத்தத்திலேயே காட்டிவிடும். அது குறையக் குறைய அபாயம் மிகும். இவர்கள் 25 வயதிலிருந்தே 3 முதல் 5 ஆண்டுகளுக்கு ஒரு முறை சோதித்துக்கொள்ள வேண்டுமென உலக சுகாதார ஸ்தாபனம் கூறுகிறது. உதிரப்போக்கு முதலிய குறிகள் கண்டவர்களோ எந்த முறையையும் எதிர்பார்த்திராமல், இரத்தச் சீட்டு எப்படி இருப்பினும், உடனே ஆஸ்பத்திரிக்குச் சென்று கர்ப்பப்பை வாயைப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும்.