தோட்டத்தை நோக்கும் கண்ணாடிக் கதவுகள்

வீட்டின் பின்புறத்தை நீட்டி ஓர் அறை கட்டுவோர், தோட்டப் பக்கம் கண்ணாடிக் கதவு அமைக்க விரும்புவது இயல்பு. ஆனால் பாலக்காட்டுச் சித்தூருக்கு ஏற்ற கதவு இடுக்கி மலைகளிலுள்ள மூணாற்றுக்கு ஏற்றதாகாது.

மார்கழி, தை மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியே வறண்ட கீழ்க்காற்று வீசுகையில் மரச்சட்டம் சுருங்கும். தென்மேற்குப் பருவமழையில் உப்பும். ஆகவே நன்கு உலர்ந்த தேக்கே வேண்டும். கோடையில் மேற்கு வெயில் கண்ணாடியை ஊடுருவும். சாதாரண இரட்டைக் கண்ணாடி அதனைப் பெரிதும் தடுப்பதில்லை, செலவுதான் மிகும். அகன்ற தாழ்வாரமே தக்க பரிகாரம்.

சுமார் 1,500 மீட்டர் உயரத்திலுள்ள மூணாற்றில் குளிர்காலத்தில் உறைபனியும் விழுவதுண்டு. அங்கே, இடையில் உலர்ந்த காற்றை அடைத்த இரட்டைக் கண்ணாடி, ஒற்றைக் கண்ணாடி வழியே வெளியேறும் வெப்பத்தில் ஏறத்தாழப் பாதியைத் தடுக்கும். கதவு வெளிப்புறம் திறப்பின், மழைக்காற்று அதனை நிலையோடு அழுத்தி மூடும்.

எவ்விடமாயினும் கண்ணாடியின் வகையில் சிக்கனம் கூடாது. சாதாரணக் கண்ணாடி உடைந்தால் கத்தி போன்ற துண்டுகளாகும். ஓடிவந்து மோதும் குழந்தையின் கதி என்ன? வலிவூட்டிய கண்ணாடியை (கடைகளில் 'டஃபன்டு' என்பர்) 600 பாகை செல்ஷியஸுக்கு மேல் சூடாக்கி விரைவாகக் குளிர்விக்கின்றனர். இதனால் மேற்பரப்பு அமுக்கத்தில் நிற்கிறது. உடைந்தாலும் சிறு மணிகளாய் உதிர்கிறது. பாதுகாப்புக் கண்ணாடிக்குரிய இந்தியத் தர எண் 2553 உள்ளதா எனப் பார்த்து வாங்குக. வலிவூட்டிய பின் அறுக்க இயலாதாகையால், நிலையை நிறுத்தி அளந்த பிறகே கண்ணாடிக்குச் சொல்ல வேண்டும். பெரியோர், சிறுவர் கண்மட்டங்களில் வண்ணப் பட்டை ஒட்டுவதும் அவசியம்.