ஒரு சாண்கூட இல்லாத எல்லை: சின்ன விமானத்தில் லோடு ஏற்றும் கணக்கு என்ன?

"வண்டி பின்பாரமா இருந்தா ஸ்டீயரிங் லேசாயிடும்ண்ணே. திருப்பினா சொன்ன பேச்சு கேட்காது." ஒரகடம் சாலையில் லாரி ஓட்டுபவர்களுக்கு இது பாலபாடம். எடை மேடையில் மொத்த எடை சரியாகவே காட்டியிருக்கும். ஆனால், கனமான பெட்டிகள் எல்லாம் கடைசியில் ஏறியிருக்கும்.

சட்டமும் இதைக் கவனிக்கிறது. முன்னால் 2 டயர், பின்னால் 4 டயர் கொண்ட லாரிகளின் எடை வரம்பை மத்திய அரசு 2018 ஜூலையில் 16.2 டன்னிலிருந்து 18.5 டன்னாக உயர்த்தியது. அதற்காக 18.5 டன்னை இஷ்டத்துக்கு ஏற்றிவிட முடியாது. முன் ஆக்ஸிலுக்கு 7 டன், பின் ஆக்ஸிலுக்கு 11.5 டன். இரண்டையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

ஸ்ரீபெரும்புதூர் - ஒரகடம் பகுதியில் தயாராகும் சரக்கு சாலையில் மட்டும் போவதில்லை. 2025 மார்ச்சிலிருந்து சில வாரங்களில் சுமார் 600 டன் ஐபோன்கள் சென்னையிலிருந்து சரக்கு விமானங்களில் அமெரிக்கா சென்றதாக அந்த ஏப்ரலில் ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டது. அப்படிப்பட்ட பெரிய விமானத்தில் எந்தச் சரக்கு எந்த இடத்தில் என்று முடிவு செய்யத் தனி ஆட்கள், தனி மென்பொருள் உண்டு. நாலு சீட் கொண்ட தனியார் விமானத்தில்? பைலட்தான் லோடுமேன், பைலட்தான் கணக்குப்பிள்ளை.

இரண்டு கேள்விகள்

கிளம்பும் முன் பைலட் இரண்டு கேள்விகளுக்கு விடை காண வேண்டும். ஒன்று, மொத்தம் எவ்வளவு எடை? இரண்டு, அந்த எடையின் மையம் எங்கே விழுகிறது?

இரண்டாவதைப் புரிந்துகொள்ள பூங்காவில் இருக்கும் சீசா போதும். நடுவில் உட்காரும் பெரியவரைவிட, ஓரத்தில் உட்காரும் குழந்தை பலகையை அதிகம் சாய்க்கும். விமானத்திலும் எடையை, அது இருக்கும் தூரத்தால் பெருக்குவார்கள். எல்லாவற்றையும் கூட்டி, மொத்த எடையால் வகுத்தால் மையம் கிடைத்துவிடும். பள்ளிக்கூடக் கணக்குதான்.

செஸ்னா 172: ஒரு உதாரணம்

உலகம் முழுக்கப் பயிற்சிப் பள்ளிகளில் பறக்கும் செஸ்னா 172-ஐ எடுத்துக்கொள்வோம். இதன் 'எஸ்' மாடல் அதிகபட்சமாக 1,157 கிலோவுடன் கிளம்பலாம். காலி விமானமே சுமார் 770 கிலோ. டேங்க் நிறைய பெட்ரோல் போட்டால் 200 லிட்டர், அதாவது 144 கிலோ. மிச்சம் சுமார் 243 கிலோ. தலா 75 கிலோ எடையுள்ள நாலு பேர் ஏறினால் 300 கிலோ. பை, பெட்டி எதுவும் இல்லாமலேயே 57 கிலோ கூடுதல்! 'நாலு சீட் இருக்கே, நாலு பேர் போகலாமே' என்ற நினைப்பு இங்கேயே அடிபடுகிறது. ஒன்று, ஓர் ஆள் குறைய வேண்டும். அல்லது சுமார் 80 லிட்டர் பெட்ரோல் குறைய வேண்டும்.

அடுத்து, இடம். என்ஜினுக்குப் பின்னால் உள்ள தடுப்புச் சுவரிலிருந்துதான் தூரத்தை அளக்கிறார்கள். முன் சீட் 94 செ.மீ., பின் சீட் 185 செ.மீ., பெட்டி வைக்கும் இடம் 241 செ.மீ. முழு எடையில் பறக்கும்போது எடை மையம் 104 முதல் 120 செ.மீ.க்குள் இருக்க வேண்டும். இடைவெளி வெறும் 16 செ.மீ. ஒரு சாண்கூட இல்லை!

50 கிலோ சுமையை முன் சீட்டிலிருந்து எடுத்துப் பெட்டி வைக்கும் இடத்தில் போட்டால், மையம் 6 செ.மீ.க்கு மேல் பின்னால் நகரும். மொத்த எடை ஒரு கிராம்கூட மாறவில்லை. ஆனால், இருந்த இடைவெளியில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் காலி.

எல்லை தாண்டினால் என்ன ஆகும்?

மையம் முன்னால் போனால் மூக்கு கனக்கும். தரையிலிருந்து எழும்ப அதிக தூரம் ஓட வேண்டும். இறங்கும்போது மூக்கைத் தூக்குவதும் சிரமம். பின்னால் போனால் ஆபத்து இன்னும் பெரிது. விமானம் நிலைகொள்ளாது. மூக்கு மேலே தூக்கி, இறக்கை தாங்குவிசையை இழந்தால், மூக்கைக் கீழே இறக்கி மீட்க முடியாமல் போகலாம். லாரிபோல ஓரங்கட்டி நிறுத்தி, பெட்டியை மாற்றி வைக்க அங்கே வழியில்லை.

எடை கூடினால் அக்னி நட்சத்திர வெயிலும் எதிரி. சூடான காற்றின் அடர்த்தி குறைவு என்பதால், எழும்பத் தேவையான ஓடுபாதை நீளும்.

உயிர்களைப் பறித்த கணக்கு

2001 ஆகஸ்ட் 25. பஹாமாஸ் நாட்டின் மார்ஷ் ஹார்பரில் அமெரிக்கப் பாடகி ஆலியா (22) தன் குழுவினருடன் செஸ்னா 402 ரக வாடகை விமானத்தில் ஏறினார். கிளம்பிய சற்று நேரத்திலேயே விமானம் விழுந்தது. பைலட் உட்பட 9 பேரும் இறந்தனர். எடை வரம்பு கணிசமாக மீறப்பட்டிருந்ததும், எடை மையம் பின் எல்லையைத் தாண்டியிருந்ததும் விசாரணையில் தெரிந்தது.

2003 ஜனவரி 8. அமெரிக்காவின் சார்லட் நகரில் ஒரு சிறிய பயணிகள் விமானம் விழுந்து, அதிலிருந்த 21 பேரும் பலியானார்கள். மூக்கை ஏற்றி இறக்கும் எலிவேட்டரைப் பராமரிப்பின்போது தவறாகப் பொருத்தியிருந்தார்கள். எடை மையமும் பின் எல்லையைத் தாண்டியிருந்தது. ஆனால், காகிதத்தில் எல்லாம் சரி! ஏனென்றால், பயணிகளை யாரும் நிறுத்துப் பார்க்கவில்லை. 'சராசரியாக ஓர் ஆள் இவ்வளவு' என்ற பழைய எண்ணைப் போட்டுக் கூட்டியிருந்தார்கள். மக்களின் எடை எப்போதோ கூடிவிட்டிருந்தது. விபத்துக்குப் பிறகு அமெரிக்க விமானத் துறை அந்தச் சராசரியை உயர்த்தியது.

பயணி என்ன செய்யலாம்?

சின்ன விமானத்திலோ ஹெலிகாப்டரிலோ ஏறும்போது எடை கேட்டால், கூச்சப்படாமல் உண்மையைச் சொல்வது நல்லது. ஷூ, லேப்டாப் பை எல்லாம் சேர்த்துத்தான் எடை. 'ரெண்டு கிலோதானே, என்ன ஆயிடப் போகுது' என்று நாலு பேரும் நினைத்தால் எட்டு கிலோ.

சென்னையிலிருந்து தூத்துக்குடி போகும் ஏ.டி.ஆர். விமானம்போல, சற்றே பெரிய விமானங்களுக்கும் இதே கணக்கு உண்டு. கூட்டம் குறைவான நாளில், "சார், கொஞ்சம் பின்சீட்டுக்கு மாறி உட்காருங்க" என்று பணிப்பெண் கேட்கலாம். 'காசு கொடுத்து எடுத்த ஜன்னல் சீட்டாச்சே' என்று கோபம் வரும். அவர் கேட்பது அந்தச் சில சென்டிமீட்டர்களைத்தான்.