பழைய மின்சாரக் கார்: பேட்டரியை அளந்து விலை பேசுங்கள்

வீடு நெல்லிக்குப்பத்தில், வேலை நெய்வேலியில் என்று இருப்பவருக்குப் பண்ருட்டி வழியாகப் போக வர ஒரு நாளைக்கு ஏறக்குறைய 70 கிலோமீட்டர் ஓட்டம். இரவில் வண்டி வீட்டு வாசலில் நிற்கும்; அதுவே சார்ஜ் ஏறும் நேரம். மின்சாரக் காருக்கு இதைவிடத் தோதான ஓட்டம் கிடையாது. புது வண்டி வாங்கினால் கையைக் கடிக்கும் என்பவர்களுக்கு இப்போது செகண்ட்ஹேண்ட் வழி திறந்திருக்கிறது. டாடா டியாகோ இ.வி. 2022 செப்டம்பரில் அறிமுகமானது, எம்.ஜி. காமெட் 2023இல் வந்தது. அப்போது வாங்கியவர்களில் சிலர் பெரிய வண்டிக்கு மாற, அந்தக் கார்கள் பச்சை நம்பர் பிளேட்டோடு கன்சல்டிங் கடைகளுக்கு வந்து சேர்கின்றன.

சிக்கல் என்னவென்றால், பழைய கார் பார்ப்பதில் நமக்கு இருக்கும் அனுபவம் முழுக்க பெட்ரோல், டீசலோடு வந்தது. கூட்டிப்போகும் மெக்கானிக் பானெட்டைத் திறந்து ஆயில் கம்பியைத் தேடுவார், இருக்காது. சைலன்சர் புகையின் நிறம் பார்க்க வழியில்லை. கடைசியில் ஓடிய கிலோமீட்டரைப் பார்த்துவிட்டு “கம்மியாத்தான் ஓடியிருக்கு, எடுத்துக்கலாம்” என்பார். மின்சாரக் காரில் அந்த எண் பாதி உண்மைதான் சொல்லும். 20,000 கிலோமீட்டர் மட்டும் ஓடி, வெயிலில் மாதக்கணக்காக முழு சார்ஜில் நிறுத்திவைத்த பேட்டரியைவிட, தினம் ஓடி வீட்டுப் பிளக்கில் நிதானமாக சார்ஜ் ஏறிய 60,000 கிலோமீட்டர் பேட்டரி நல்ல நிலையில் இருக்கலாம்.

இதற்குப் பக்கத்திலேயே ஒரு பாடம் இருக்கிறது. இலங்கையில் 2014-15 வாக்கில் இறக்குமதி வரி குறைந்தபோது, வெளிநாட்டில் ஓடிய நிசான் லீஃப் கார்கள் ஆயிரக்கணக்கில் வந்து இறங்கின. லீஃபின் டேஷ்போர்டில் பேட்டரியின் ஆரோக்கியத்தைக் காட்ட 12 கோடுகள் உண்டு. அங்கே பழைய லீஃப் விலை பேசுகிறவர்கள் முதலில் எண்ணுவது அந்தக் கோடுகளைத்தான். ஓடிய தூரம் அப்புறம். அந்த மாடலில் பேட்டரியைக் குளிர்விக்கத் தனி ஏற்பாடு இல்லை. அமெரிக்காவின் அரிசோனா பாலைவன வெயிலில் அதே கார் சீக்கிரமே திறன் இழந்ததாக 2012இலேயே புகார் கிளம்பியது. கத்திரி வெயிலில் தார் உருகும் நம் ஊருக்கும் அது பொருந்தும். டியாகோவில் பேட்டரியைத் திரவம் குளிர்விக்கிறது. சிட்ரோயன் இசி3-இல் காற்றுதான். ஒரே விலைக்கு இரண்டும் கிடைத்தால் நான் முதலாவதைத்தான் எடுப்பேன்.

நம் கார்களில் லீஃப் போலக் கோடுகள் இல்லை. பேட்டரியில் புதிதாக இருந்ததில் எத்தனை சதவீதத் திறன் மிச்சம் என்பதை ‘எஸ்.ஓ.ஹெச்.’ என்பார்கள். கம்பெனி சர்வீஸ் சென்டரில் வண்டியைக் கம்ப்யூட்டரில் இணைத்துப் பார்த்து அறிக்கை தரச் சொல்லலாம். வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஓ.பி.டி. கருவியை ஸ்டீயரிங் அடியில் செருகி செல்போனில் படிப்பவர்களும் உண்டு. இரண்டும் வாய்க்காவிட்டாலும் பள்ளிக்கூடக் கணக்கு ஒன்று போதும்.

டியாகோவின் பெரிய பேட்டரி 24 கிலோவாட்-மணி. ஒரு கிலோவாட்-மணி என்பது ஈ.பி. பில்லில் வரும் ஒரு யூனிட்டேதான். வண்டியை 20 சதவீதத்துக்கு இறக்கி, அங்கிருந்து 100 வரை ஏற்றினால் பேட்டரிக்குள் போக வேண்டியது 24-இல் 80 சதவீதம், அதாவது 19.2 யூனிட். சார்ஜரில் வெப்பமாக வீணாவது பத்து, பன்னிரண்டு சதவீதம் என்று வைத்தால் மீட்டரில் 21, 22 யூனிட் ஓட வேண்டும். ஃபிரிட்ஜும் ஃபேனும் ஓடும் வீட்டில் ஈ.பி. மீட்டரை நம்பினால் கணக்கு கெடும். எலெக்ட்ரிக்கல் கடையில் கிடைக்கும் 16 ஆம்பியர் எனர்ஜி மீட்டரைப் பிளக்குக்கும் சார்ஜர் ஒயருக்கும் நடுவில் செருகுங்கள். சாயங்காலம் ஆறு மணிக்குப் போட்டால் நள்ளிரவு தாண்டி முடியும். காலையில் மீட்டர் 17.5 என்று காட்டினால் பேட்டரிக்குள் போனது பதினைந்தரை யூனிட்தான்; திறன் எண்பது சதவீதத்துக்கு இறங்கிவிட்டது என்று பொருள். ஓரிரு சதவீதம் முன்னே பின்னே இருக்கும். விலை பேச இந்தத் துல்லியம் போதும்.

ஓர் எச்சரிக்கை. டியாகோ, காமெட் போன்றவற்றில் இருப்பது எல்.எஃப்.பி. (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) வகை பேட்டரி. இதில் பாதி சார்ஜிலும் கால் சார்ஜிலும் வோல்டேஜ் ஏறக்குறைய ஒரே மாதிரி நிற்பதால், வண்டியின் கம்ப்யூட்டரே சதவீதத்தைத் தப்பாக ஊகிக்கும். மாதக்கணக்காக முழுதும் ஏற்றாமல் ஓட்டியிருந்தால் 25 என்று காட்டிய திரை திடீரென 12-க்குத் தாவும். அதனால் முதலில் ஒருமுறை மெதுவாக நூறு வரை ஏற்றி, பிறகு சோதனையை ஆரம்பியுங்கள். அதற்குப் பிறகும் தாவினால் ஏதோ ஒரு செல் பலவீனம். அந்த வண்டியை விட்டுவிடலாம்.

ஓட்டிப் பார்ப்பதையும் தெருமுனையோடு முடிக்க வேண்டாம். கடலூரில் கேப்பர் மலை ஏற்றம் இருக்கிறது. ஏ.சி. போட்டு நான்கு பேர் ஏறிக்கொண்டு அங்கே போய் வாருங்கள். ஏறும்போது மோட்டாரில் புதிதாகக் கீச்சொலி வருகிறதா, இறங்கும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் வண்டி தானாக வேகம் குறைத்து மின்சாரத்தைத் திருப்பி வாங்குகிறதா என்று கவனியுங்கள். பேட்டரி முழுதாக நிரம்பியிருந்தால் இந்தத் திருப்பி வாங்குதல் குறைவாகத்தான் இருக்கும், அது குறையல்ல. டியாகோ விளம்பரத்தில் சொன்ன 250, 315 கிலோமீட்டர் எல்லாம் பரிசோதனைக்கூட எண்கள். மூன்றில் ஒரு பங்கைக் கழித்துவிட்டு நினைத்துக்கொள்ளுங்கள்.

பேட்டரிக்கு அடுத்தபடி இந்த மாவட்டத்தில் கேட்க வேண்டியது தண்ணீர். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. புதுச்சேரியில் தெருத்தெருவாக வண்டிகள் மூழ்கின. அடுத்த இரண்டு நாளில் சாத்தனூர் அணை திறந்து தென்பெண்ணை கரை புரண்டு, கடலூர் மாவட்ட ஆற்றோரக் கிராமங்களும் நீரில் நின்றன. அதற்கு முன், 2023 டிசம்பரில் சென்னையில் மிக்ஜாம் புயல். மூழ்கிய கார்கள் எங்கேயும் போய்விடுவதில்லை. கழுவித் துடைத்து, சென்ட் அடித்து, இரண்டு மாவட்டம் தள்ளி விலைக்கு வரும்.

பேட்டரிப் பெட்டிக்கு ‘ஐபி67’ தரம் என்பதைக் காட்டி “தண்ணி ஒண்ணும் பண்ணாது சார்” என்பார்கள். அந்தத் தரம் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் தாங்கும் என்பதற்குத்தான். இரவு முழுக்கச் சேற்று நீரில் நிற்பதற்கல்ல. சீட் பெல்ட்டை முழுவதும் இழுத்து அடிப்பகுதியைப் பாருங்கள். சேற்றுக் கோடு அங்கே ஒளிந்திருக்கும். தரைவிரிப்பைத் தூக்குங்கள், சீட் நகரும் தண்டவாளத்தின் போல்ட்டுகளில் துரு இருக்கிறதா பாருங்கள். ஆரஞ்சு நிற ஒயர்கள் உயர் அழுத்த மின்சாரம் போகிறவை. அவற்றின் இணைப்பில் பச்சையோ வெள்ளையோ பூத்திருந்தால் கையால் தொடாமல் விலகிவிடுங்கள். காகிதத்திலும் ஒரு தடயம் உண்டு. 2024 டிசம்பருக்குப் பிறகு புதுப்பித்த இன்சூரன்ஸ் பாலிசியை வாங்கி ‘நோ கிளெய்ம் போனஸ்’ எத்தனை சதவீதம் என்று பாருங்கள். முந்தைய ஆண்டு 20, 25 என்று இருந்தது பூஜ்யமாகியிருந்தால், அந்த வருஷம் என்ன கிளெய்ம் என்று கேளுங்கள்.

வண்டியை லிஃப்டில் ஏற்றச் சொல்வது அவசியம். பேட்டரி முழுவதும் அடிவயிற்றில் இருப்பதால், வேகத்தடையில் தட்டிய நசுங்கலும் கல் கீறலும் அங்கேதான் தெரியும். அடித்தகட்டில் பெரிய பள்ளம் இருந்தால் பேட்டரி வாரண்டியே கேள்விக்குறி. சார்ஜ் போர்ட்டின் மூடியைத் திறந்து பின்களில் பழுப்பேறியிருக்கிறதா பாருங்கள். மோசமான பிளக்கில் போட்டுக் கருகிய வண்டி அங்கே காட்டிக்கொடுக்கும். மின்சாரக் காரில் பிரேக்கைக் குறைவாக மிதிப்பதால் டிஸ்க் தேயாமல் துருப்பிடித்துப் போகும், டயரோ பெட்ரோல் காரைவிடச் சீக்கிரம் தேயும். சின்ன 12 வோல்ட் பேட்டரி போனாலும் வண்டி கிளம்பாது. அது மலிவான செலவு, பயப்பட வேண்டாம். சார்ஜர் ஒயரும் இரண்டாவது சாவியும் கையில் வந்த பிறகு பாக்கிப் பணம்.

காகித வேலையில் மூன்று இடத்தில் நின்று பார்க்க வேண்டும். பச்சை பிளேட்டில் வெள்ளை எழுத்து என்றால் சொந்த வண்டி, மஞ்சள் எழுத்து என்றால் வாடகை வண்டி. டெல்லி, பெங்களூரில் மின்சார டாக்ஸி ஓட்டிய புளூஸ்மார்ட் நிறுவனம் 2025 ஏப்ரலில் சேவையை நிறுத்திய பிறகு, அப்படி ஓடிய டாக்ஸிகள் சல்லிசாகச் சந்தைக்கு வந்தன. நாளெல்லாம் ஓடி, ஃபாஸ்ட் சார்ஜரிலேயே வளர்ந்த பேட்டரிகள் அவை. பிளேட்டை மாற்றியிருந்தாலும் ஆர்.சி. வரலாறு பரிவாகன் இணையதளத்தில் இருக்கும். இரண்டாவது, 2024 செப்டம்பரில் எம்.ஜி. காமெட்டை பேட்டரி இல்லாத விலைக்கு வாங்கி, பேட்டரிக்குக் கிலோமீட்டர் கணக்கில் வாடகை கட்டும் திட்டம் வந்தது. அப்படி வாங்கிய வண்டி என்றால் விற்பவர் உங்களுக்குக் கொடுக்கும் பேட்டரி இன்னும் முழுதாக அவருடையதாக இல்லாமல் இருக்கலாம். ஒப்பந்தம் முடிந்த கடிதத்தைக் கேளுங்கள். மூன்றாவது, புதுச்சேரிப் பதிவு. பி.ஒய். வண்டி எனில் படிவம் 28 தடையின்மைச் சான்று வாங்கி, கடலூர் டி.என்.31-க்கு மாற்ற வேண்டும். சாலை வரி எவ்வளவு விழும் என்பதை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் விசாரித்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள். டாடாவில் 8 ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர், காமெட்டில் 8 ஆண்டு அல்லது 1,20,000 என்று பேட்டரி வாரண்டி உண்டு. உங்கள் பெயருக்கு மாறுமா என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

மஹிந்திரா இ2ஓ ஒன்றிரண்டு லட்சத்துக்குக் கிடைக்கிறதே என்று யாராவது ஆசை காட்டலாம். பெங்களூரு ரேவாவின் வாரிசான அந்த வண்டி 2013இல் வந்தது, 2019இல் தயாரிப்பு நின்றுவிட்டது. சரித்திரப் பிரியர்களுக்குச் சரி, ஷிப்டுக்குப் போகிறவர்களுக்கு வேண்டாம்.

இனி வீட்டுக் கணக்கு. தினம் 70 கிலோமீட்டருக்கு இழப்பு உட்பட ஏறக்குறைய 10 யூனிட். இரண்டு மாதத்தில் 50 வேலை நாள் என்றால் 500 யூனிட் கூடுதலாக ஏறும். நம் கட்டணம் படிப்படியாக ஏறுவது. பில் மேல் படிக்குத் தாவும். யூனிட் 10 ரூபாய் என்றே வைத்தாலும் 5,000 ரூபாய். அதே 3,500 கிலோமீட்டருக்கு, லிட்டருக்கு 18 தரும் பெட்ரோல் கார் 190 லிட்டருக்கு மேல் குடிக்கும். நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியில் எடுத்த கரண்டில் ஓடும் கார் எப்படிச் சுத்தமாகும் என்று டீக்கடையில் கேட்பார்கள். நியாயமான கேள்விதான், கூரையில் சோலார் இல்லாதவரை புகை நம் தெருவிலிருந்து அனல்மின் நிலையத்துக்கு இடம் மாறுகிறது, அவ்வளவே. வண்டி வாங்கும் முன் எலெக்ட்ரிஷியனை அழைத்து எர்த் சரியா என்று பார்த்து, வாசலில் 16 ஆம்பியர் பாயிண்ட் ஒன்றைத் தனி ஒயரில் இழுத்து வையுங்கள். வேலை பார்க்கும் நிறுவனத்தின் குடியிருப்பில் இருப்பவர்கள் அனுமதி கேட்ட பிறகே ஒயரை இழுக்க வேண்டும்.

எண்பது சதவீதத்துக்கு இறங்கிய பேட்டரியையும் நான் ஒதுக்கச் சொல்லவில்லை. 24 யூனிட் டியாகோ அந்த நிலையிலும் 140, 150 கிலோமீட்டர் போகும். நெல்லிக்குப்பம்-நெய்வேலி ஓட்டத்துக்கு அது தாராளம், விலையும் அதற்கேற்பக் குறைய வேண்டும். வார இறுதியில் சென்னைக்குப் போகிறவர் தொண்ணூறுக்கு மேல் இருக்கும் வண்டியைத் தேட வேண்டும். காமெட்டில் நெடுஞ்சாலை டி.சி. ஃபாஸ்ட் சார்ஜரில் ஏற்றும் வசதி இல்லாததால் அது அவருக்கு உதவாது. எந்த வண்டியானாலும் ஓர் இரவு சார்ஜில் விட்டு அளக்கச் சம்மதம் கேளுங்கள். மறுக்கிறவர் எவ்வளவு விலை குறைத்தாலும் வாங்காதீர்கள்.