ஒரே காய்ச்சல், இரண்டு காரணங்கள்: லூபஸ் நோயாளியின் இரத்தப் பரிசோதனையை எவ்வாறு படிப்பது?

செஞ்சியை அடுத்த தொண்டூருக்கு வேறொரு வழக்கிற்காகச் சென்றிருந்தபோது, ஒரு குடும்பத்தார் நம்மிடம் ஒரு பிளாஸ்டிக் பையைக் கொடுத்தனர். உள்ளே மூன்று ஆண்டுகளின் இரத்தப் பரிசோதனைத் தாள்கள். நோயாளி நிலமற்ற கூலித் தொழிலாளி, காலனியில் வசிக்கும் பெண், லூபஸ் உள்ளவர். கடந்த ஆண்டு அவருக்குக் காய்ச்சல் வந்தபோது, நோய் தீவிரமடைந்துவிட்டது என்று கூறி ஸ்டீராய்டின் அளவு கூட்டப்பட்டது. பத்து நாள்களுக்குப் பின்னரே அது நுரையீரல் தொற்று எனத் தெரியவந்தது. அவர் பிழைத்துக்கொண்டார். “இதற்கு வழக்குப் போட முடியுமா?” என்பது குடும்பத்தாரின் கேள்வி. விடை கூறுவதற்கு முன் அத்தாள்களைப் படிக்க நாம் கற்க வேண்டியிருந்தது.

லூபஸ் என்பது உடலின் நோய் எதிர்ப்பு அமைப்பு தன் உடலையே தாக்கும் நோய். நோயாளிகளில் பத்தில் ஒன்பது பேர் பெண்கள். பெரும்பாலும் பிள்ளைபெறும் வயதினர். வெயில் இந்நோயைத் தூண்டும். வயலில் களை பறிப்பவரிடம் “வெயிலில் போகாதீர்கள்” என்று எழுதித் தருவது எத்தகைய மருத்துவ அறிவுரை என்பதை வாசகர் அறிவர். பாடநூல்கள் கூறும் முகச் ‘சிவப்பு’ கருநிறத் தோலில் பெரும்பாலும் கருந்திட்டாகவே தோன்றும். அதனாலும் நோய் தாமதமாக அறியப்படுகிறது.

சிக்கல் காய்ச்சலில் தொடங்குகிறது. லூபஸ் தீவிரமடைந்தாலும் காய்ச்சல் வரும். கிருமித் தொற்றினாலும் வரும். முதலாவதற்கு எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்தைக் கூட்ட வேண்டியிருக்கும்; இரண்டாவதில் அவ்வாறு கூட்டுவது உயிருக்கே ஆபத்தாகலாம். இந்திய லூபஸ் நோயாளிகளின் இறப்புக்கான முதன்மைக் காரணங்களுள் தொற்றும் ஒன்று. காசநோய் பரவலாக உள்ள நாட்டில் இது வியப்பன்று.

இவ்விரண்டையும் பிரித்தறிய உதவுவனவே இரத்தத்திலுள்ள குறியீடுகள். நம் மக்கள் நன்கறிந்த இ.எஸ்.ஆர். இங்குப் பெரிதும் பயன்படாது. இரு நிலைகளிலும் அது உயரும். வெள்ளணுக்களின் எண்ணிக்கையும் குழப்பும்: லூபஸ் அதனைக் குறைக்கும், ஸ்டீராய்டு உயர்த்தும்.

சி.ஆர்.பி. எனப்படும் புரதம் வேறு வகையானது. கல்லீரலில் உருவாகும் இது, பெரும்பாலான அழற்சி நோய்களில் வெகுவாக உயரும். லூபஸ் தீவிரமடையும்போது மட்டும் பலருக்கு ஓரளவே உயர்கிறது. இந்நோயில் மிகுதியாகச் சுரக்கும் இன்டர்ஃபெரான் அதன் உற்பத்தியைத் தடுப்பது ஒரு காரணம் எனப்படுகிறது. எனவே லூபஸ் நோயாளிக்குச் சி.ஆர்.பி. லிட்டருக்கு 50, 60 மில்லிகிராமைத் தாண்டினால் தொற்றைத் தேட வேண்டும். விதிவிலக்கு உண்டு: நுரையீரல் உறையிலோ இதய உறையிலோ லூபஸ் அழற்சி ஏற்பட்டாலும், மூட்டழற்சியிலும் அது உயரலாம். தாளில் அலகைக் கவனியுங்கள். சில ஆய்வகங்கள் டெசிலிட்டர் கணக்கில் தருகின்றன; அங்கு 6 என்பது இங்கு 60. நாமே முதலில் இதில் தவறினோம்.

புரோகால்சிட்டோனின் மற்றொன்று. கடும் பாக்டீரியத் தொற்றில் இது உயர்கிறது என்பதை 1993இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் வெளியிட்டனர். லூபஸ் தீவிரத்தில் இது பொதுவாக உயர்வதில்லை, மில்லிலிட்டருக்கு 0.5 நானோகிராமுக்கு மேல் இருந்தால் பாக்டீரியத் தொற்று குறித்த ஐயம் வலுக்கிறது. ஆனால் குறைவாக இருப்பதால் தொற்றே இல்லை எனக் கூறிவிட இயலாது. வைரஸ் தொற்றிலும், பெரும்பாலும் காசநோயிலும், ஓரிடத்தில் அடங்கிய சீழ்க்கட்டியிலும் இது உயராமல் இருக்கலாம். சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்குத் தொற்றின்றியே சற்று உயர்ந்திருக்கும். மறுபுறம், சி3, சி4 புரதங்கள் குறைவதும், டி.என்.ஏ.வுக்கு எதிரான எதிர்ப்புப் பொருள் கூடுவதும் லூபஸ் தீவிரத்தைச் சுட்டும். இரண்டும் ஒருசேர நிகழ்வதும் உண்டு. ஆகவே எந்த ஓர் எண்ணும் தனியே தீர்ப்பன்று. இரத்த, சிறுநீர் வளர்சோதனை, மார்பு எக்ஸ்ரே, சளிப் பரிசோதனை ஆகியன உடன் வேண்டும்.

இவை எங்குக் கிடைக்கின்றன? புதுச்சேரி ஜிப்மரில் இத்தகைய நோய்களுக்கென கிளினிக்கல் இம்யூனாலஜி துறை உள்ளது. தொண்டூரிலிருந்து செல்பவருக்கு ஒரு நாள் கூலி இழப்பு. துணைக்கு வருபவருக்கும் அவ்வாறே. தனியார் ஆய்வகத்தில் சி.ஆர்.பி. சில நூறு ரூபாய்; புரோகால்சிட்டோனின் ஆயிரத்துக்கும் மேல். உலகச் சுகாதார நிறுவனத்தின் இன்றியமையாப் பரிசோதனைப் பட்டியலில் புரோகால்சிட்டோனினும் இடம்பெற்றுள்ளது, ஆயினும் உயர்நிலை மருத்துவமனைகளுக்கென்று மட்டுமே. சி.ஆர்.பி.க்கு அத்தகைய விலையோ கருவியோ தேவையில்லை. வட்டார அளவிலேயே அதனைக் கோருவது நியாயமான கோரிக்கை என்பது நம் கருத்து.

இனி, குடும்பத்தாரின் கேள்வி. தொற்றா, நோய்த் தீவிரமா என்பதில் மருத்துவர் தவறாகக் கணித்தார் என்பதாலேயே அது சட்டப்படி அலட்சியம் ஆகிவிடாது. 2005ஆம் ஆண்டின் ஜேக்கப் மாத்யூ தீர்ப்பு இதில் தெளிவாக உள்ளது. பிரித்தறிய வேண்டிய பரிசோதனையையே செய்யாது விட்டனரா என்பது வேறு கேள்வி. வலுவான கேள்வியும் அதுவே. எல்லோருக்கும் கட்டணமின்றிச் சேவை தரும் மருத்துவமனைமீது நுகர்வோர் சட்டம் பாயாது என 1995இல் சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. அங்கு எஞ்சும் முதன்மையான வழி உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு. நிதியில்லை எனக் கூறி அரசு தன் கடமையிலிருந்து நழுவ முடியாது என்ற 1996ஆம் ஆண்டின் பஸ்சிம் பங்கா தீர்ப்பு அதற்குத் துணை நிற்கும். எனினும் அது அவசர சிகிச்சை மறுக்கப்பட்ட வழக்கு என்பதை மறக்கலாகாது.

தொண்டூர்ப் பையில் அந்தப் பத்து நாள்களுக்குரிய தாள் ஒன்றே ஒன்று. அதில் இ.எஸ்.ஆர். மட்டும் உள்ளது. வேறு பரிசோதனை செய்யப்பட்டதா என அறிய முழு மருத்துவப் பதிவேட்டையும் கேட்டு, அப்பெண்ணின் கையொப்பத்துடன் மனு அளித்துள்ளோம். கேட்ட 72 மணி நேரத்திற்குள் பதிவேட்டை வழங்க வேண்டும் என்பது 2002ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதி. மனுவைப் பெற்றுக்கொண்டதற்கான முத்திரையை நகலில் வாங்கி வைத்துள்ளோம்.